சிமிழுக்குள் போன கற்பூரம்

நேற்று மதியம் கடைக்குக் கற்பூர மூட்டை வந்து இறங்கியது. உறையை அறுத்ததும் அந்த வாசம் கடை முழுக்க ஏறியது. இதை விற்றுத்தான் இவ்வளவு காலமும் சாப்பிடுகிறேன். என் மூக்கு அதைக் கவனிப்பதை விட்டு எவ்வளவோ நாளாயிற்று. நேற்று கவனித்தது. கையைத் துடைத்துவிட்டு மேசை இழுப்பறையிலிருந்து உங்கள் கண்ணாடிக் குழாயை எடுத்துப் பார்த்தேன். பென்சிலைவிட ஒல்லி. அடியில் இரண்டு விரற்கடைக்குத் தண்ணீர் போல ஒன்று. வாயை நெருப்பில் உருக்கி மூடியிருக்கிறீர்கள். மூக்கருகே வைத்தால் ஒரு வாசமும் இல்லை.

மேடம், நீங்கள் இருந்தபோது சொல்லாமல் விட்டதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

சைக்கிளில் கற்பூரமும் சாம்பிராணியும் கட்டி, ஜெயங்கொண்டம் வரைக்கும் கடை கடையாகப் போட்டு மேலே வந்தவன் நான். சிமெண்ட் ஆலை ஆய்வகங்களுக்கு அமிலமும் கண்ணாடிச் சாமானும் வேண்டியிருக்கிறது என்று தெரிந்ததும் அதையும் பிடித்துக்கொண்டேன். ஒரு அலமாரியில் குங்குமச் சிமிழ், எதிர் அலமாரியில் சோதனைக் குழாய். பெரம்பலூர்க் கல்லூரியில் வேதியியல் நடத்திக்கொண்டே ஆராய்ச்சியும் செய்த நீங்கள் முதல் தடவை வந்தபோது இரண்டையும் மாறி மாறிப் பார்த்தீர்கள்.

“சாமிக்கும் சயின்ஸுக்கும் ஒரே கடையாண்ணே?”

“ரெண்டு பேரும் பேரம் பேச மாட்டாங்க மேடம்.”

“நான் பேசுவேன், இப்பவே சொல்லிட்டேன்.”

என்னதான் ஆராய்ச்சி என்று ஒருநாள் கேட்டேன். என் அலமாரியிலிருந்தே ஒரு சிமிழை எடுத்து, மூடியையும் அடியையும் தனித்தனியாகப் பிடித்துக் காட்டினீர்கள். “இந்த மாதிரி கிண்ணம் போல ஒரு மூலக்கூறுண்ணே. கரைசல்ல விட்டா ரெண்டு கிண்ணம் தானா ஒண்ணை ஒண்ணு தேடிப் புடிச்சு மூடிக்கும். ஆணியும் இல்ல, பசையும் இல்ல. ஆனா காலியா நிக்காது. உள்ள உக்கார அளவா ஒரு சின்ன மூலக்கூறு வேணும். யாரு உள்ள போறா, எவ்வளவு நேரம் தங்குறா, எப்ப வெளிய வர்றா, அதைத்தான் பாக்குறேன்.” அதற்குத் தனிக் கரைப்பான் வேண்டும். அதன் மூலக்கூறு உள்ளே நுழைய முடியாத அளவுக்குப் பெரிதாக இருக்கவேண்டும். அதை உங்களுக்கு வரவழைத்துக் கொடுத்தவன் நான்.

இரண்டாயிரத்து ஒன்று மழைக்காலத்தில் அந்தக் கரைப்பான் பாட்டில் கழுத்தில் விரிசல் விட்டு வந்தது. மறுபடி வரவழைக்க மூன்று வாரமாகும். உங்களுக்கோ அந்த வாரமே சென்னையில், மூலக்கூறுக்குள் என்ன இருக்கிறது என்று படம் வரைந்து காட்டும் மெஷினில் நேரம் ஒதுக்கியிருந்தார்கள். நல்ல கற்பூரம் காற்றில் கரைந்து போகாமலிருக்க நான் போட்டுவைக்கும் பழுப்பு பாட்டில் ஒன்றைக் கழுவினேன். மூன்று தடவை தண்ணீர் விட்டு அலசி, வெயிலில் காயவைத்து, கரைப்பானை அதில் ஊற்றினேன். விரிசல் விட்ட பாட்டிலின் லேபிளை உரித்து இதில் ஒட்டினேன். “என்னண்ணே, பாட்டில் வேற மாதிரி இருக்கு?” என்றீர்கள். “இப்ப இப்படித்தான் மேடம் வருது” என்றேன். கற்பூரம் தண்ணீருக்குப் போகாது என்று எனக்கே தெரியும். கண்ணுக்குத் தெரியாதது என்ன செய்துவிடும் என்று நினைத்தேன்.

நீங்கள் அழைக்காத விருந்தாளியாகக் கற்பூரம் உங்கள் மூலக்கூறுச் சிமிழுக்குள் உட்கார்ந்திருந்தது. எதைப் போட்டாலும் மெஷின் வரைகிற படத்தில் அதே கோடுகள். கிண்ண மூலக்கூறைத்தான் தப்பாகச் செய்துவிட்டோம் என்று இரண்டு முறை முதலிலிருந்து செய்தீர்கள். ஒருநாள் சென்னை ரயிலிலிருந்து இறங்கி நேராகக் கடைக்கு வந்து, ஸ்டூலில் உட்கார்ந்து, “சுத்தமா வேலை செய்யத் தெரியலன்னா எதுக்கும்மா இந்த ஆராய்ச்சின்னு கைடு கேட்டுட்டாருண்ணே” என்றீர்கள். அந்த நிமிஷம் எனக்கு அந்தப் பழுப்பு பாட்டில் நினைவுக்கு வந்தது. பிடிகொடுக்காமல், “டீ சொல்லட்டுங்களா மேடம்?” என்று கேட்டேன்.

எட்டு மாதம். அதற்குப் பிறகு நீங்களே கண்டுபிடித்தீர்கள். கரைப்பானில் சில சொட்டுகளைக் கண்ணாடித் தட்டில் காயவைத்திருக்கிறீர்கள். எதுவும் மிஞ்சக் கூடாது; மங்கலாக ஒரு வெள்ளைப் படலம் மிஞ்சியது. தட்டை மூடி பஸ்ஸில் கொண்டுவந்து, “மோந்து பாருங்கண்ணே” என்று நீட்டினீர்கள். மோந்தேன். பாட்டில் மாற்றியதை ஒப்புக்கொண்டேன்.

“இதுதான் காரணம்னு எப்பண்ணே தெரியும் உங்களுக்கு?”

“இப்பத்தான் மேடம்.”

நீங்கள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தீர்கள். தட்டைப் பைக்குள் வைத்துவிட்டு, “கற்பூரம் அவ்வளவு கச்சிதமா உக்காந்திருக்குண்ணே. இனிமே அதையே பாக்கப் போறேன்” என்று சொல்லிக் கிளம்பிவிட்டீர்கள். அதன் பிறகு வேலை நன்றாகவே நடந்தது. கைடும் சந்தோஷப்பட்டார் என்று சொன்னீர்கள். எட்டு மாதத்தை மட்டும் யாராலும் திருப்பித் தரமுடியவில்லை. இரண்டு வருஷத்தில் நோய் வந்தது. கடைசி அத்தியாயம் பாதியில் நின்றது. இன்னும் ஒரு ஆறு மாதம் இருந்திருந்தால் முடித்திருப்பாள் என்று துக்கம் கேட்கப் போன என்னிடமே உங்கள் வீட்டுக்காரர் சொன்னார். கையில் கொண்டுபோன மாலையை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றேன்.

காரியமெல்லாம் முடிந்து, மீதிக் கண்ணாடிச் சாமானைத் திருப்பிக் கொடுக்க அவரே கடைக்கு வந்தார். அந்தப் பெட்டியில்தான் இந்தக் குழாய் இருந்தது. மனசு தாங்காமல் கேட்டேன். “மேடத்துக்கு எம்மேல கோவம் இருந்துச்சுங்களா சார்?”

“கோவமா? ‘அண்ணனுக்கு முன்னாடியே தெரியும், மூஞ்சியே காட்டிக்குடுத்துருச்சு. அவரா சொல்லட்டும்னு இருக்கேன்’னு சொல்லுவா. சிரிச்சுக்கிட்டேதான் சொல்லுவா.”

அவரா சொல்லட்டும். அதற்குப் பிறகும் எத்தனை முறை கடைக்கு வந்தீர்கள் மேடம். நோயாகப் படுத்திருந்தபோது ஆரஞ்சுப் பழத்தோடு நானும் வந்தேன். பஸ்ஸில் வரும்போதெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டேதான் வந்தேன். உங்களைப் பார்த்ததும் மழையைப் பற்றிப் பேசிவிட்டுத் திரும்பினேன்.

இப்போது பாட்டில் மாற்றினால் லேபிளில் எழுதிவிடுகிறேன். சில பேர் வாங்காமல் போகிறார்கள், போகட்டும். உங்களுக்கு அது எந்த விதத்திலும் ஆகப்போவதில்லை என்பதும் தெரியும்.

குழாயில் சுற்றிய சின்னக் காகிதத்தில் உங்கள் கையெழுத்து இன்னும் மங்கவில்லை. மற்றதெல்லாம் இங்கிலீஷ், இது மட்டும் தமிழ், எனக்காகவே எழுதியது போல: ‘உள்ளே இருப்பது: கற்பூரம். கிடைத்த இடம்: அண்ணன் கடை.’

தெரியும் மேடம். அன்றைக்கு, நீங்கள் ரயிலிலிருந்து இறங்கி வந்து ஸ்டூலில் உட்கார்ந்தபோதே எனக்குத் தெரியும்.