இடுப்புக்கு மாறிய பாரம்

ஜனவரி 4, ஞாயிறு

வலது தோள் நீலம் பாரித்திருக்கிறது. பறவை பார்க்கப் போகிற எங்கள் கூட்டத்தில் ஸ்கோப் என்கிற ஒற்றைக்குழல் தொலைநோக்கி என்னிடம் மட்டும்தான் உண்டு. மகள் வாங்கிக் கொடுத்தது. ஏரியின் அக்கரையில் நிற்கும் வாத்தின் கண் வரைக்கும் தெரியும். அதை முக்காலியில் திருகி, மண்வெட்டி மாதிரி தோளில் சாய்த்துக்கொண்டுதான் கரையைச் சுற்றுவேன். முக்காலியின் கால்களில் என் கண் உயரத்துக்குச் சிவப்பு நூல் கட்டி வைத்திருக்கிறேன். அதுவரை இழுத்து முடுக்கினால் நிமிர்ந்தே பார்க்கலாம்.

இன்று பாதி வழியில் உட்கார்ந்துவிட்டேன். கூட்டத்தை நடத்தும் பல் டாக்டர் தன்மையாகத்தான் சொன்னார்.

"அம்மா, இனிமே ஸ்கோப்ப எங்கிட்ட குடுத்துடுங்க. நீங்க கார்கிட்ட உக்காந்திருங்க. நாங்க பாத்துட்டு வந்து சொல்றோம்."

வந்து சொல்வாராம்! நான் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்து ருசி சொல்கிறேன், அவர் பட்டினி கிடக்கட்டும்.

ஆனால் தோள் வலிக்கிறதே. என்ன செய்ய?

ஜனவரி 7, புதன்

தைலம். மாத்திரை. கோபம்.

ஜனவரி 9, வெள்ளி

தோளுக்குப் பழகட்டும் என்று சுமையோடு தெருவில் நடந்து பார்த்தேன். நாத்தனாரின் பை தைக்கும் கடை வந்ததும் வழக்கம்போல் எதிர்ப்பக்கம் மாறினேன். கல்யாணமான மறுநாள், பச்சைப் புடவையில் பூண்டு உரித்துக்கொண்டே, "அண்ணிக்கு மூட்டை தூக்குற தோளு" என்று எல்லோரையும் சிரிக்க வைத்தவள் அவள். நான் எதையும் மறப்பதில்லை.

"அண்ணி, நில்லுங்க! என்ன இது, போருக்குப் போறீங்களா?"

நிற்காமல் போயிருப்பேன். வலி நிற்க வைத்தது. ஜாக்கெட்டை விலக்கித் தோளைப் பார்த்தாள். முகம் மாறிவிட்டது.

"ஐயோ, இந்தத் தோளு பாவம் என்ன பண்ணுச்சு? இடுப்பு சும்மாதானே கூட வருது? அது சுமக்கட்டும்."

அளவு எடுத்தாள். இடுப்புப் பட்டைக்குக் கொக்கி வேண்டாம், விரல் மடங்கவில்லை என்று மட்டும் சொன்னேன். கையைத் தூக்கிக் காட்டினேன்.

ஜனவரி 15, வியாழன்

தைத்துவிட்டாள். முக்காலி மடிந்து முதுகோடு நிற்கிறது, ஸ்கோப்புக்குத் தனி உறை. தோளுக்கு இரண்டு அகலப் பட்டை, உள்ளே பஞ்சு. இடுப்பில் ஒரு பட்டையை இறுக்கினால் பாரமெல்லாம் அங்கே இறங்கிவிடுகிறது. வீட்டுக்குள்ளேயே சுற்றிச் சுற்றி நடந்தேன். கை இரண்டும் வெறுமனே தொங்குகிறது, எங்கே வைப்பது என்றே தெரியவில்லை.

அவளுக்கு நல்ல கை. வாய்தான்...

ஜனவரி 18, ஞாயிறு

மானம் போச்சு. நாணல் ஓரம் வரைக்கும் மூச்சுக்கூட விடாம பூனை மாதிரி போயி, இடுப்புப் பட்டைய அவுத்தேன். ஒட்டிப் பிய்க்கிற வெல்க்ரோ! சர்ர்ர்ருன்னு ஒரு சத்தம். ஏரியில இருந்த அத்தன வாத்தும் எந்திரிச்சுப் போச்சு. ஒண்ணு பாக்கியில்ல.

டாக்டர் வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "அடுத்த வாரம் கார்கிட்ட இருந்துடுங்கம்மா" என்றார்.

ஜனவரி 19, திங்கள்

கடைக்குப் போய்க் கத்தினேன்.

"வேணும்னே வெச்சியா?"

"கொக்கி வேணாம், விரல் மடங்கலன்னு நீங்கதான் அண்ணி சொன்னீங்க. வாத்துக்குக் காது இருக்குன்னு எனக்கு யாரு சொன்னா?"

சொல்லவில்லைதான். அந்தச் சூட்டிலேயே பச்சைப் புடவை, பூண்டு, "மூட்டை தூக்குற தோளு" எல்லாவற்றையும் எடுத்துப் போட்டேன். விழித்தாள்.

"நானா? நேத்து வெச்ச கத்திரியே எங்கன்னு தெரியல எனக்கு. அப்படியா சொன்னேன்? சீ, என்ன வாயி எனக்கு."

இத்தனை வருஷமாக நான் தனியாகத்தான் சுமந்திருக்கிறேன் போல. பரவாயில்லை, இரண்டு பேருக்கும் சேர்த்து நானே ஞாபகம் வைத்துக்கொள்கிறேன்.

வெல்க்ரோவைப் பிய்த்துப் போட்டாள். "இந்தத் தடவ நானும் வரேன். நடக்கிறப்ப எங்க இழுக்குதுன்னு கண்ணால பாக்கணும்."

ஜனவரி 25, ஞாயிறு

மழை. யாரும் போகவில்லை.

பிப்ரவரி 1, ஞாயிறு

இடுப்புப் பட்டையில் இப்போது பெரிய மரப்பொத்தான் ஒன்று, அதை மாட்ட ஒரு கயிற்று வளையம். சத்தமே இல்லை. விரலுக்கும் வலியில்லை. பின்னாலேயே வந்தவள் இரண்டு இடத்தில் நிறுத்திப் பட்டையைத் தளர்த்தினாள். முழுக் கரையும் சுற்றினேன், எங்கும் உட்காரவில்லை. நாணல் ஓரத்தில் பொத்தானைக் கழற்றினேன். ஒரு வாத்துகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

டாக்டர் என் முதுகைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். "யாரும்மா தெச்சாங்க?"

"என் நாத்தனார்" என்றேன். இப்படிப் பெருமையாகச் சொல்வேன் என்று நானே நினைக்கவில்லை.

அவளையும் ஸ்கோப்பில் ஒரு வாத்தைப் பார்க்கச் சொன்னேன். நுனிக்காலில் எக்கினாள், எட்டவில்லை. முக்காலியின் கால்களை இறக்கிக் கொடுத்தேன். பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு ரகசியம் போல, "அண்ணி, அது கண்ண மூடித் தூங்குது" என்றாள்.

பிப்ரவரி 2, திங்கள்

தோளில் நீலம் இல்லை. முக்காலியைத் துடைத்து வைத்தேன். மூன்று கால்களிலும் சிவப்பு நூலுக்குக் கீழே, அவள் உயரத்துக்கு, ஒரு நீல நூல் கட்டியிருக்கிறேன்.