‘சொந்தம் இல்லை’ என்று சொன்னேன்

செமோர்,
மலேசியா,
11.1.2026

அன்பு மகன் பவித்ரனுக்கு அப்பா எழுதுவது.

தபாலில் என் கையெழுத்தைப் பார்த்ததும் இங்கே யாரோ செத்துவிட்டார்கள் என்று பதறியிருப்பாய். யாரும் சாகவில்லை. தீபாவளிக்கு வந்து மெல்பர்னுக்குத் திரும்பிப் போனதிலிருந்து நீ என் போனை எடுப்பதில்லை. வாட்ஸ்அப்பிலும் என்னைத் தடுத்து வைத்திருப்பதாக உன் தங்கை சரளா சொன்னாள். தபாலைத் தடுக்க முடியாது. அதனால்தான் பேனாவை எடுத்தேன். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்ற எழுத்து, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

அம்மாவுக்கு முட்டிவலி கூடியிருக்கிறது. எங்கள் தாமான் வீடுகளுக்குப் பின்னால் மிச்சமிருந்த ரப்பர் மரங்களையும் போன மாதம் தள்ளிவிட்டார்கள். அங்கேயும் வீடு கட்டப் போகிறார்களாம். நாள் முழுக்கச் செம்மண் தூசி பறக்கிறது, கொடியில் துணி போட முடியவில்லை. நான் மட்டும் கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறேன். இருபத்தெட்டு வருடம் பேக்டரி பஸ் ஓட்டிய உடம்பு, சுலபத்தில் விழாது.

சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன். தீபாவளியன்று சாயங்காலம் மழையில் கரண்ட் போனதே, அப்போது மற்றப் பிள்ளைகள் எல்லாம் கத்திக்கொண்டு வாசலுக்கு ஓடின. உன் மகள் லோஷினி மட்டும் சோபாவைப் பிடித்தபடி நின்றாள். நான் மெழுகுவர்த்தி கொளுத்தி, நாலடி தூரத்தில் நின்று, தாத்தாவிடம் வா என்று கூப்பிட்டேன். அவள் சுவரைத் தடவிக்கொண்டு வேறு பக்கம் போய் மேசையில் இடித்துக்கொண்டாள். சரளாவும் ஆறு வயதில் அப்படித்தான் சுவரைத் தடவுவாள்.

அதை உன்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்க வேண்டும். சாப்பாட்டு மேசையில் பத்துப் பேர் முன்னால், பிள்ளைக்குச் சரளாவின் கண் வந்திருக்கிறது என்று போட்டு உடைத்துவிட்டேன். உன் மாமனார் சன்னாசி எழுந்து நின்று, “என்னா மாமா, நல்ல நாளும் அதுவுமா எங்க புள்ளைய குருடிங்கிறீங்க?” என்று கேட்டான். மருமகள் ஷர்மினி, “அவளுக்கு இருட்டுன்னா பயம், அவ்வளவுதான் மாமா” என்று சொல்லி அழுதாள். நீ பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவர்களோடு பாகான் செராய்க்குப் போய்விட்டாய். சொன்ன இடம் தப்பு, ஒத்துக்கொள்கிறேன். சொன்ன விஷயம் தப்பில்லை.

உன் தங்கைக்கு இப்போது முப்பத்து நாலு வயது. பகலிலேயே குழாய் வழியாகப் பார்ப்பது போலத்தான் தெரிகிறது. நேரே நிற்கிற ஆளின் மூக்கு தெரியும், காது தெரியாது. போன வாரம் வீட்டு வாசல் லோங்காங்கில் விழுந்து முழங்காலைக் கிழித்துக்கொண்டாள். பிறந்ததிலிருந்து தாண்டிய சாக்கடை அது. அக்டோபரில் ஈப்போவில் புதிய கண் டாக்டர் அவளுடைய இரத்தத்தை எடுத்து வெளிநாட்டுக்கு அனுப்பியிருக்கிறார். எந்த மரபணுவில் கோளாறு என்று பிப்ரவரியில் தெரியுமாம்.

அதற்குள் நீ லோஷினியை டாக்டரிடம் காட்டு. கண்ணாடிக் கடைக்காரனிடம் இல்லை, விழித்திரை பார்க்கும் டாக்டரிடம். ஒன்றுமில்லை என்று அவர் சொல்லட்டும், சன்னாசி முன்னால் நான் தோப்புக்கரணம் போடுகிறேன்.

அம்மா பேத்திக்கு முறுக்கு சுட்டு வைத்திருக்கிறாள். எப்படி அனுப்புவது என்று தெரியவில்லை.

இப்படிக்கு,
உன் அப்பா சின்னையா


செமோர்,
27.2.2026

அன்பு மகனுக்கு,

உன்னிடமிருந்து பதில் இல்லை. வரும் வரும் என்று தபால்காரனின் மோட்டார் சத்தத்துக்குக் காது கொடுத்து அலுத்துவிட்டது. பரவாயில்லை, நான் எழுதுகிறேன்.

சரளாவின் முடிவு வந்துவிட்டது. நேற்று மூன்று பேரும் போய்வந்தோம். டாக்டர் ஒரு மலாய்ப் பெண், உன் வயதுதான் இருக்கும். சரளாவின் கண்ணுக்குப் பின்னாலிருக்கும் விழித்திரையைப் படம் பிடித்துத் திரையில் காட்டினார். பக்கத்தில் நல்ல கண்ணின் படம் ஒன்று. அது கெட்டியாகப் பல அடுக்காக இருந்தது. சரளாவுடையது துவைத்துத் துவைத்து நைந்த வேட்டி மாதிரி இருந்தது.

டாக்டர் சொன்னதை எனக்குப் புரிந்த அளவில் எழுதுகிறேன். கண்ணில் விழும் வெளிச்சத்தைப் பிடிக்க ஒரு சத்து வேண்டும். அதைத் தயார் செய்யச் சொல்லும் மரபணு சரளாவிடம் இரண்டு பிரதியும் கெட்டுப்போயிருக்கிறது, ஒன்று அப்பன் கொடுத்தது, ஒன்று ஆத்தாள் கொடுத்தது. இந்த மாதிரி விழித்திரை நோய்க்கு நூற்றுக்கணக்கான மரபணுக்கள் காரணமாம். அதில் மிகச் சிலவற்றுக்குத்தான் வழி பிறந்திருக்கிறது. சரளாவுடையது அப்படி வழி பிறந்த ஒன்று. கெடுதல் செய்யாத ஒரு வைரசுக்குள் நல்ல மரபணுவை வைத்து, விழித்திரைக்கு அடியில் ஒரே ஒருமுறை ஊசியால் செலுத்துகிறார்கள். இருட்டில் தடுமாறிய பிள்ளைகள் எழுந்து நடந்திருக்கிறார்களாம்.

இதைக் கேட்டதும் உன் அம்மா கையெடுத்துக் கும்பிட்டாள். டாக்டர் அவசரமாக அவள் கையைப் பிடித்துக்கொண்டார். உயிரோடு இருக்கும் செல்லுக்குத்தான் அந்த மருந்து உதவும், சரளாவுக்கு மிச்சமிருப்பது போதாது என்றார். விளக்கு இருந்தால் கரண்ட் கொடுக்கலாம், விளக்கே உடைந்த பிறகு கரண்ட் எதற்கு என்று கேட்டார். செத்த செல்லுக்குப் பதிலாக வேறு செல்லுக்கு வெளிச்சத்தை உணரப் பழக்கும் ஆராய்ச்சி நடக்கிறதாம், சின்னத் தகடு வைத்தும் பார்க்கிறார்களாம். எல்லாம் இன்னும் சோதனை அளவில்தான். சரளாவின் பெயரை எழுதி வைத்துக்கொண்டார்.

சரளா அழவில்லை. எந்த வயதில் அந்த ஊசி போட்டால் நல்லது என்று மட்டும் கேட்டாள். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது என்றார் டாக்டர்.

அதற்கப்புறம் நடந்ததை எழுத எனக்குக் கை வரவில்லை. காலையிலிருந்து இரண்டு தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன்.

டாக்டர் கோப்பைப் புரட்டிக்கொண்டே, இரண்டு பிரதியும் அச்சு அசலாக ஒரே மாதிரி கெட்டிருக்கிறது, நீங்கள் இருவரும் சொந்தமா என்று மலாயில் கேட்டார். பழைய கோப்பில் ‘சொந்தம் இல்லை’ என்று எழுதியிருந்தது. நான் இல்லை என்று தலையாட்டினேன். உன் அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு டாக்டரிடம், “டியா அடேக் மாக் சாயா” என்றாள். இவர் என் அம்மாவின் தம்பி என்று. நாற்பது வருடத்தில் முத்தம்மா என் பேச்சை மீறி வெளியாரிடம் பேசியது அதுதான் முதல் தடவை.

கோப்பில் அந்தப் பொய் எப்படி வந்தது என்று உனக்குத் தெரியாது. சரளாவுக்குப் பன்னிரண்டு வயதில் நான்தான் சொன்னேன். அக்கா மகளைக் கட்டுவது நம் ஆட்களுக்கு அதிசயமில்லை, அது உரிமை. ஆனால் மலாய்க்காரருக்கும் சீனருக்கும் அது கேட்கவே கூசுகிற காரியம். பஸ் டிப்போவில் ஒருதரம் வாய்தவறிச் சொல்லிவிட்டேன், சொந்த அக்கா மகளையா கட்டினாய் என்று ஒரு மாதம் சிரிப்பாய்ச் சிரித்தார்கள். அந்த அவமானம் எனக்குள் இருந்தது. அன்று ஒரு சீன டாக்டர், சுற்றி நாலு நர்ஸ் மிஸ்ஸிகள். சொந்தமா என்று கேட்டார். உன் அம்மா வாயைத் திறந்தாள், நான் மேசைக்கடியில் அவள் காலை மிதித்தேன். இல்லை என்று சொன்னேன். சொந்தமாக இருந்தால் வீட்டில் எல்லோரையும் சோதிக்க வேண்டும், இல்லையென்றால் பரவாயில்லை என்று சொல்லிவிட்டு அவர் எழுதிக்கொண்டார்.

நேற்று இந்த டாக்டர் சிரிக்கவில்லை, முகம் சுளிக்கவும் இல்லை. பேனாவை எடுத்து, குடும்பத்தில் வேறு யார் சொந்தத்தில் கட்டியிருக்கிறார்கள், குழந்தை உண்டா என்று கேட்டார். இவ்வளவுதான் நடந்தது, இருபத்திரண்டு வருடத்துக்கு முன்னாலும் இவ்வளவுதான் நடந்திருக்கும்.

முத்தம்மா உன் பெயரைச் சொன்னாள். அவள் தம்பி சன்னாசியின் மகளைத்தான் நீ கட்டியிருக்கிறாய் என்பதையும் லோஷினியையும் சொன்னாள். டாக்டர் உங்கள் ஊர் டாக்டருக்கு எழுதிய கடிதம் இதோடு இருக்கிறது. அந்த ஊசியை மெல்பர்னிலேயே போடுகிறார்களாம். வீட்டிலிருந்து டிராமில் போகும் தூரத்தில் இருக்கிறது, பவித்ரா.

அப்பா


செமோர்,
22.3.2026

மகனே,

நேற்று நீ அம்மாவிடம் பேசியதை நானும் கேட்டேன். அவள் போனைச் சத்தமாக வைத்துத்தான் பேசுவாள், காது மந்தம். நான் சமையற்கட்டில் நின்றிருந்தேன்.

பள்ளிக்கூடத்துப் பக்கம் கண்ணாடிக் கடையில் காட்டினீர்கள், ஒன்றுமில்லை, கண்ணாடி போட்டால் போதும் என்றார்கள். ஷர்மினி அழுதுகொண்டே இருக்கிறாள், இனி இந்தப் பேச்சு வேண்டாம் என்றாய். அப்புறம் ஒன்று கேட்டாய். “அப்படி ஆபத்து இருந்திருந்தா அப்பாவே எங்களுக்குக் கல்யாணம் பண்ணி வெச்சிருப்பாராம்மா?” என்று கேட்டாய். அம்மா போனை வைத்துவிட்டாள். அவளுக்குப் பதில் தெரியாது. எனக்குத் தெரியும்.

பண்ணி வைத்தேன். தெரிந்தேதான் பண்ணி வைத்தேன்.

2017இல் உன் கல்யாணத்துக்கு மூன்று மாதம் இருந்தபோது சரளாவைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். அன்றிருந்த டாக்டர் என்னை மட்டும் தனியாகக் கூப்பிட்டு, இது பரம்பரையில் வருவது, அண்ணன் கல்யாணம் செய்வதானால் சொந்தத்தில் வேண்டாம், செய்தே ஆகவேண்டுமென்றால் இரண்டு பேருக்கும் இரத்தம் பாருங்கள் என்று சொன்னார். ஒரு தாளும் கொடுத்தார். நான் அதை மடித்து பஸ்ஸில் சீட்டுக்கடியில் வைத்தேன். சரளாவிடமும் சொல்லவில்லை, அம்மாவிடமும் சொல்லவில்லை. அப்போது பத்திரிகை அடித்தாகிவிட்டது, பரிசம் போட்டாகிவிட்டது. சரளாவுக்கு வந்த பாரிட் புந்தார் சம்பந்தம் கண்ணைக் காரணம் காட்டி நின்று ஒரு வருடம்கூட ஆகவில்லை. உன்னையும் இரத்தம் பார்க்கச் சொன்னால் அந்த வீட்டிலேயே கோளாறு என்று பேராக் மாநிலம் முழுக்கப் பேசுவார்கள், அக்கா வீட்டு உறவு அறுந்துவிடும் என்று பயந்தேன். எதுவும் வராது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மாலை எடுத்து உன் கையில் கொடுத்தது நான்தான்.

லோஷினி பிறந்து அவளை முதன்முதலாகத் தூக்கியபோது, விளக்கின் பக்கம் கண்ணைத் திருப்புகிறாளா என்று பார்த்தேன். மற்றவர்கள் யார் சாயல் என்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

ஷர்மினிமேல் எந்தப் பழியும் இல்லை. ஒரு பக்கம் மட்டும் கெட்டிருந்தால் இந்த நோய் வராது, இரண்டு பக்கமும் சேர வேண்டும். சேர்த்து வைத்தவன் நான். இந்தக் கடிதத்தை அவளிடம் காட்டு. சன்னாசிக்கும் நானே நேரில் போய்ச் சொல்லப் போகிறேன், அடுத்த ஞாயிற்றுக்கிழமை சரளா என்னோடு வருகிறாள். முந்தாநாள் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அப்புறம், “என்னைப் பத்தி அப்புறம் பேசிக்கலாம்பா. மொதல்ல அண்ணனுக்கு எழுதுங்க” என்றாள். அவள் என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

இதோடு இன்னொரு தாள் வைத்திருக்கிறேன். யாருக்கு யார் என்ன உறவு என்பதை என் அப்பா அம்மாவிலிருந்து லோஷினிவரை கோடு போட்டு எழுதி, கீழே கையெழுத்தும் அடையாள அட்டை எண்ணும் போட்டிருக்கிறேன். உங்கள் டாக்டர் சொந்தமா என்று கேட்பார். நீ எதுவும் பேச வேண்டாம், வெட்கப்படவும் வேண்டாம். அந்தத் தாளை நீட்டு.

என்னை மன்னிக்கும்படி கேட்கவில்லை. நான் செத்தாலும் நீ வர வேண்டாம். இந்த வாரமே பிள்ளையைக் கூட்டிப்போ, அது போதும். முடிவு எதுவானாலும் அம்மாவிடம் சொல், எனக்குச் சொல்ல வேண்டாம்.

லோஷினிக்குத் தமிழ் எழுத்து சொல்லிக் கொடுங்கள். அவள் வளர்ந்ததும் இந்தக் கடிதத்தைத் தன் கண்ணாலேயே படிக்க வேண்டும். படித்துவிட்டு, இந்தத் தாத்தா முகத்திலேயே விழிக்கமாட்டேன் என்று சொல்ல வேண்டும். முருகனிடம் இப்போது நான் கேட்பது அதைத்தான்.

அப்பா