இருமாமல் கூப்பிட்டாள்

செடெனாக் தோட்டம், மாசி 12, ஞாயிறு

எழுத்து கோணலாகத்தான் வருகிறது. இந்த வயதில் எழுதப் பழகிய கை, அதற்கு மேல் என்ன செய்யும்?

இன்று என் மனைவி அஞ்சலைக்கு வயிற்றைக் கீறிக் கட்டியை எடுத்தார்கள். மயக்கம் தெளியும்போது இருமினால் தையல் பிரிந்துவிடுமாம். ஆஸ்பத்திரியில் மருந்து கட்டும் டிரசர் ஐயா காலையிலேயே சொல்லிவைத்தார்.

"இருமல் வந்தா தலகாணிய வயித்தோட அணைச்சுக்கிட்டு எச்சில முழுங்கணும்மா."

"அப்ப இவுங்கள எப்படிக் கூப்புடறது?" என்று அவள் சிரித்தாள். கல்யாணமான நாள் முதல் என்னை இருமித்தான் கூப்பிடுகிறாள். புருஷன் பெயரை அவள் வாய் சொன்னதில்லை.

மாலையில் விழித்தாள். தலைமாட்டில் நின்ற என்னைக் காணாமல் கண்கள் தேடின. தொண்டை அசைந்தது. பதறிப்போனேன். அவள் தலையணையை இறுக்கிக்கொண்டு, "மாரிமுத்து" என்றாள்.

"என்னா பெரியவரே, பேரச் சொல்லிட்டாங்களே!" என்று டிரசர் சிரித்தார். எனக்கும் சந்தோஷம் தாங்கவில்லை. தையல் பிரியவில்லை.

பிறகு அவர் என்னை வெளியே அழைத்து, டாக்டரால் கட்டியை முழுதும் எடுக்க முடியவில்லை என்றார். இனி அறுக்கவும் முடியாதாம். அவளிடம் நான் சொல்லவில்லை.

மாரிமுத்து. இந்தப் பக்கத்தில் இந்தச் சொல் மட்டும் நேராக வந்திருக்கிறது.

அடுத்த ஞாயிறு வீட்டுக்கு வந்துவிடுவாள். அடுப்படியிலிருந்து என்னை எப்படிக் கூப்பிட்டாள் என்று அன்றைக்கு எழுதுவேன். இருமினாலே போதும்.