திங்கக்கிழமை ஹெலன் எடுப்பா

அன்புள்ள மகளுக்கு,

இஞ்சை சிட்னியிலை நல்ல குளிர். உன்ரை தம்பியை அடக்கம் செய்தபிறகும் ஆஸ்பத்திரியிலை இருந்து ஹெலன் எண்ட நேர்ஸ் போன் எடுத்துக்கொண்டுதான் இருக்கிறா. செத்த ஆக்களின்ரை குடும்பத்தைப் பாக்கிறதுதான் அவவின்ரை வேலை. மெல்பேர்ணுக்கு உனக்கும் எடுக்கிறாவாம், நீ போனைத் தூக்கிறேல்லையாம். "மகளுக்கு விருப்பமில்லையோ?" எண்டு, மொழிபெயர்க்கிற பிள்ளையை வைச்சுக் கேட்டா.

"இல்லை, பயம்" எண்டன். போன் அடிச்சால் நானும் அப்பாவைத்தான் தூக்கச் சொல்லுறனான்.

பந்தடிச்சுக்கொண்டு நிண்டவனை விழுத்தினது இதய வருத்தமாம். குடும்பத்துக்குள்ளை வாறதாம். அதாலை என்னையும் கூப்பிட்டு ரத்தம் எடுத்தவை. பிறகு சீலையோடை ஓடுற மெசினிலை ஏத்தினவை. ஊரிலை பேசாலைச் சந்தையிலை மாடு துரத்தினபோதும் நான் ஓடினதில்லை. "அன்ரி, கம்பியை விடுங்கோ, மெசின் உங்களைக் கொண்டுபோகாது" எண்டு அந்த மொழிபெயர்க்கிற பிள்ளை சிரிச்சுது. நல்ல சிவலை மாடு அது, கொம்பு ரெண்டும் வளைஞ்சது.

மாட்டைப்பற்றி எழுதவே இருந்தனான்?

என்னட்டை இருந்துதான் அந்த வருத்தம் தம்பிக்குப் போனதாம். எனக்கு மருந்து தந்திருக்கினம். உனக்கும் இருக்கலாம், இல்லாமலும் விடலாம். பாத்தால்தான் தெரியுமாம், முதலே தெரிஞ்சால் காப்பாத்தலாமாம்.

"வயித்திலை பிள்ளையோடை இருக்கிறவளுக்கு இதை எழுதாதை" எண்டு அப்பா சொன்னவர். எழுதிப்போட்டன். திங்கக்கிழமை ஹெலன் திரும்ப எடுப்பா, தூக்கு மகள். பிறகு நீ என்னோடை கோவிச்சுக்கொண்டு கதைக்காமல் விட்டாலும் சரி. கோவிக்கிறதுக்கு நீ இருக்கவேணும்.

உன்ரை அம்மா