பிலாத்துவின் சுடாத கிண்ணம்

விருத்தாசலம்,
20.3.2026

என் செல்ல மகள் ஆன் மேரிக்கு,

ஆண்டவர் தயவில் இங்கே நானும் அம்மாவும் நலம். போலந்துக் குளிரில் நீ காதை மூடிக்கொண்டு திரிகிறாயா? அம்மா கேட்கச் சொன்னாள். போனில் பேசினால் ஊருக்கே கேட்கிற மாதிரி கத்துகிறேனாம். அதனால்தான் காகிதத்தில் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன். எட்டாவதோடு நின்றவன் கையெழுத்து, பொறுத்துப் படி.

நம் கோயிலில் போடும் இயேசுவின் பாடுகள், அந்தப் பாஸ்கா நாடகத்துக்கு அங்கி தைக்க மங்கலம்பேட்டைக்குத் துணி எடுக்கப் போனேன். கடைக்கார பாய், "பொண்ணு வெளிநாட்டுல இன்னா படிக்குது?" என்றார்.

"நாடகம் பாத்துட்டு நல்லாருக்குது, நல்லால்லன்னு எழுதுற படிப்பு பாய். எல்லா நாட்டுப் புள்ளைங்களும் வந்திருக்காங்க."

"அதுக்குப் போலந்து போவணுமா? எங்க வூட்ல சீரியலு பாத்துட்டு தெனமும் சும்மாவே சொல்றாங்களே!"

நானும் சிரித்துவிட்டேன். ஆனாலும் துணியில் கொஞ்சம் கூடவே கிழித்துக் கொடுத்தார்.

வருகிற 28, சனிக்கிழமை இரவு நாடகம். வழக்கம்போல், இயேசுவைச் சாவுக்கு ஒப்படைத்துவிட்டுக் கை கழுவும் கவர்னர் பிலாத்து நான்தான். போன வருஷம் கை கழுவப் பிளாஸ்டிக் பேசினை நீட்டினார்கள், ரோமாபுரி மானமே போயிற்று. இந்த வருஷம் எங்கள் பீங்கான் கம்பெனியிலேயே பெரிய கிண்ணம் ஒன்று, மண்கூழை அச்சில் ஊற்றி எடுத்திருக்கிறேன். கரண்டு பீஸ் கட்டையும் பொம்மையும் செய்கிற கைக்கு இது ராஜ வேலை.

நீ இல்லாத முதல் நாடகம். அதுதான் கொஞ்சம் ஒரு மாதிரி இருக்கிறது.

உன் அப்பா,
ஆசீர்வாதம்


27.3.2026

அன்புள்ள அப்பா,

காதை மூடித்தான் இருக்கிறேன். அம்மாவிடம் சொல்லுங்கள்.

இன்று உலக நாடக தினம். இங்கே நடக்கிற நாடக விழாவுக்கு வந்த எல்லோரும் ஒரே மேடையில் ஏறி, தாங்கள் பார்த்த முதல் நாடகத்தைப் பற்றி அவரவர் மொழியில் பேசினோம். நான் நம் கோயில் பாஸ்காவைச் சொன்னேன். சின்னப் பிள்ளையாக அம்மா மடியில் உட்கார்ந்திருந்த நான், "அப்பா, அவர வுட்டுருப்பா!" என்று கத்தியதும், பிலாத்து வேஷத்தில் இருந்த நீங்கள் கூட்டத்தைப் பார்த்து, "அழுவாதடா கண்ணு" என்றதும், ஊரே சிரித்ததும். தமிழ் தெரியாதவர்களும் சிரித்தார்கள், அப்பா.

ஆனால் படிப்பில் அடி. நான் எழுதிய விமர்சனங்களையெல்லாம் படித்துவிட்டு எங்கள் ஆசிரியை மார்த்தா சொன்னார்: "நீ விமர்சனம் எழுதவில்லை, நன்றிக் கடிதம் எழுதுகிறாய். பாவம் என்று யாரையும் விட்டுவிடுகிறாய்." வகுப்பில் மற்றவர்கள் எழுதியது விழாப் பத்திரிகையில் வந்துவிட்டது. என்னுடையது ஒன்றுகூட வரவில்லை. இன்னும் ஒரு வாய்ப்புதான் இருக்கிறது. யாரையாவது குறை சொல்லி எழுதினால் அடுத்த நிமிஷமே நானே அழித்துவிடுகிறேன்.

நாளைக்கு நன்றாக நடியுங்கள். வீடியோ அனுப்புங்கள்.

முத்தங்களுடன்,
ஆன் மேரி


விருத்தாசலம்,
29.3.2026

ஆன் மேரி,

குருத்தோலைப் பூசைக்குக்கூடத் தலை நிமிர்ந்து போக முடியவில்லை. வீடியோவைப் பார்க்குமுன் என் வாயாலேயே கேள்.

எங்கள் சூளையைத் திங்கட்கிழமைதான் பற்றவைப்பார்கள்; போன திங்கள் கிண்ணம் காயவில்லை, அடுத்தது நாளைக்குத்தான். நாடகம் சனிக்கிழமை. கிண்ணம் சுடாத பச்சை மண்ணாகவே இருந்தது. வெளியே தங்கக் கலர் பெயிண்ட் அடித்தேன். ரெண்டு வாய்த் தண்ணீருக்குத் தாங்கும் என்று ஒரு கணக்கு. காலமெல்லாம் மண்ணோடு கிடப்பவன் போடுகிற கணக்கா இது?

சேவகன் தண்ணீர் ஊற்றினான். நான் சட்டென்று வசனத்தை முடித்திருந்தால் தப்பித்திருப்பேன். "இந்த நீதிமானின் இரத்தத்தில் எனக்குப் பங்கில்லை" என்பதை வழக்கம்போல் இழு இழு என்று இழுத்தேன். கிண்ணம் கூழாகிவிட்டது. கழுவக் கழுவக் கை முழுக்க வெள்ளைச் சேறு. துடைத்தால் அங்கியெல்லாம் சேறு. இயேசுவாக நின்ற ராபர்ட் தம்பி உதட்டைக் கடித்துக்கொண்டு வானத்தைப் பார்த்தான்.

எல்லாம் முடிந்ததும் நாடக வாத்தியார் ஆனந்தராஜ், "யோவ் ஆசீர்வாதம், ஆண்டவர சிலுவைல அறையறதுக்கு முன்னாடி என்னய அறைஞ்சிட்டியேய்யா! அடுத்த வருஷம் பிலாத்து வேற ஆளுதான்" என்றார். நியாயம்தான். ஆனால் வீட்டுக்கு வந்து சோறு இறங்கவில்லை. வருஷத்தில் ஒரு ராத்திரி நான் கவர்னர். மற்ற நாளெல்லாம் மண் ஊற்றுகிற அச்சுக்காரன்.

உன்னிடம் ஒன்று கேட்கிறேன். முன்பின் தெரியாத ஒருத்தனைப் பற்றி எழுதுவதுபோல் என் நடிப்பைப் பற்றி எழுது. "சூப்பர்ப்பா" என்று சின்ன வயதிலிருந்து சொல்லிவிட்டாய், போதும். நான் இந்த வேஷத்துக்கு லாயக்கா, இல்லையா? பாவம் பார்த்து எழுதினால் கிழித்துப் போடுவேன்.

அப்பா


2.4.2026

அப்பா,

வீடியோவைப் பார்த்து எழுதிவிட்டேன். உங்களுக்கு அனுப்பும் முன் மார்த்தாவிடம்கூடக் காட்டவில்லை.

"பிலாத்துவாக நடிக்கும் ஆசீர்வாதத்துக்கு நல்ல குரல் இருக்கிறது. அது அவருக்கே தெரிந்திருப்பதுதான் சங்கடம். ஒவ்வொரு வசனத்தையும் கைதட்டல் வரும்வரை நீட்டுகிறார். அதைவிடப் பெரிய குறை, தீர்ப்புச் சொல்லும் நேரத்திலும் எதிரே நிற்கும் கைதியை அவர் பார்ப்பதில்லை. கூட்டத்தில் தன் மகளைத் தேடுகிறார். எப்போதோ ஒரு குழந்தை அழுததற்கு இன்னும் சமாதானம் சொல்லிக்கொண்டிருக்கிறார். அதனால் நாம் பார்த்து வந்தது ஒரு நல்ல அப்பாவை, பிலாத்துவை அல்ல.

இந்த வருஷம் மகள் ஊரில் இல்லை. கிண்ணம் கரைந்தது. ஆசீர்வாதம் முதல்முறையாக யாரையும் தேடாமல் தன் கைகளையே பார்த்தார். கழுவக் கழுவ அழுக்கேறும் கை. கூட்டம் முதலில் சிரித்தது. பிறகு சிரிப்பு நின்றுபோனது. அந்தக் கொஞ்ச நேரம் அவர் உண்மையிலேயே பிலாத்துவாக இருந்தார். அது தவறுதலாக நடந்தது. அதையே மறுபடி வேண்டுமென்று செய்தால் வித்தையாகிவிடும்."

இவ்வளவுதான் அப்பா. அனுப்பும்போது அழுதேன். கோபமாக இருந்தால் திட்டியாவது எழுதுங்கள்.

ஆன் மேரி


9.4.2026

அப்பா,

படித்துவிட்டீர்கள் என்று போனில் நீலக் குறி காட்டுகிறது. ஈஸ்டருக்குக்கூட ஒரு வரி இல்லை. அம்மாவைக் கேட்டால், "சாப்புடுறாரு, வேலைக்குப் போறாரு, பேசத்தான் மாட்டேங்குறாரு" என்கிறாள்.

விமர்சனம் விழாப் பத்திரிகையில் வந்துவிட்டது. சொந்த அப்பாவைப் பற்றி எழுதலாமா என்று மார்த்தா தயங்கினார்; நீங்களே எழுதச் சொன்ன கடிதத்தை மொழிபெயர்த்துச் சொன்ன பிறகுதான் வாங்கிக்கொண்டார். எனக்குச் சந்தோஷமே இல்லை. அப்படி எழுதியிருக்கக் கூடாதா, அப்பா?

ஆன் மேரி


விருத்தாசலம்,
14.4.2026

என் கண்ணு ஆன் மேரிக்கு,

கோபம்தான். பொய் சொல்ல மாட்டேன். முதல் நாள் உன்மேல் கோபம். மறுநாள் வீடியோவைப் பார்த்த பிறகு என்மேல். பழைய வீடியோக்களையும் போட்டுப் பார்த்தேன். எல்லாவற்றிலும் கழுத்தைத் திருப்பித் திருப்பித் தேடுகிறேன். ரோமாபுரி கவர்னர் இல்லை, பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவன். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த அம்மா, "இத்தினி வருஷமா எனக்குத் தெரியும். சொன்னா சோறு இறங்காதேன்னு சொல்லல" என்றாள். வீட்டுக்குள்ளேயே ஒரு விமர்சகி இருந்திருக்கிறாள்.

நீ எழுதியதை எடுத்துக்கொண்டு ஆனந்தராஜ் வாத்தியாரிடம் போனேன். படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார்.

"உம் பொண்ணு உன்ன வெளுத்துட்டாய்யா."

"ஆமாங்க. அதான் இன்னொரு வருஷம் கேக்க வந்தேன்."

"நீட்டாம பேசுவியா?"

"நீட்டுனா பாதியிலயே இறக்கி வுட்டுருங்க."

சரி என்றுவிட்டார்.

நேற்று சூளை பிரித்தோம். புதுக் கிண்ணம் வெளியே வந்துவிட்டது. நன்றாக வெந்த கிண்ணம், தட்டினால் மணிபோல் கேட்கிறது, இனிக் கரையாது. கையில் அழுக்குப் போகவில்லை என்பதை நான்தான் நடித்துக் காட்ட வேண்டும். அதற்குத்தான் தினமும் ராபர்ட்டை எதிரில் நிற்க வைத்து அவன் கண்ணைப் பார்த்துப் பேசிப் பழகுகிறேன். "அண்ணே, நெசமாவே பயமா இருக்குது" என்கிறான்.

நீ எழுதியது சரிதான், மகளே. இனியும் அப்படியே எழுது. யாருக்காகவும் எழுதியதை அழிக்காதே. அடுத்த பாஸ்காவுக்குக் கட்டாயம் வா.

எந்தப் பக்கம் உட்காரப் போகிறாய் என்பதை மட்டும் என்னிடம் சொல்லிவிடாதே.

உன் அப்பா,
ஆசீர்வாதம்