பழுதுப் படிவம்

அன்புள்ள பெரியவனுக்கு,

அம்மா எழுதுவது. நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, வேலைக்குப் போய்வந்து நன்றாக இருக்க வேண்டும். இங்கே எல்லோரும் சுகம் என்று எழுத எனக்கும் ஆசைதான், ஆனால் கை வரவில்லை. அப்பாவுக்கு முழங்கால் வலி குறைந்துவிட்டது, குறைந்த அன்றைக்கே தண்ணீர்த் தொட்டியைக் கழுவுகிறேன் என்று மாடி ஏறி வழுக்கி விழப் பார்த்தார், அது தனிக் கதை. போன வாரம் போனில் மூன்று தடவை கேட்டாய், குட்டி ஏன் லைனுக்கே வரமாட்டேங்கிறா என்று. குளிக்கிறாள், தூங்குகிறாள், படிக்கிறாள் என்று மூன்று தடவையும் பொய் சொன்னேன். உன் தங்கை பள்ளிக்கூடம் போய்ப் பதினோரு நாள் ஆகிறது. சுவரைப் பார்த்துப் படுத்தே கிடக்கிறாள், சாப்பாட்டுத் தட்டு போன மாதிரியே திரும்பி வருகிறது. அப்பா கூப்பிட்டால் ம் என்கிறாள், நான் கூப்பிட்டால் இந்த வாரம் வரைக்கும் அதுவும் இல்லை. போனில் பேசினால் அவள் காதில் விழும் என்றுதான் ஆபீஸ் இடைவேளையில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

எங்கள் பள்ளிக்கூடத்தில் மனநல அறை திறந்தார்கள் என்று உன்னிடம் பீற்றிக்கொண்டேனே, நினைவிருக்கிறதா? விளையாட்டுச் சாமான் அறைக்குப் பக்கத்தில், இளநீலப் பெயின்ட், இரண்டு சோபா, மனம் விட்டுப் பேசு என்று ஆள் உயரத்துக்கு ஒரு போஸ்டர். ரிப்பன் வெட்டிப் போட்டோ எடுத்தார்கள், அதில் வாத்தியார்கள் இருந்தார்கள், அதிகாரிகள் இருந்தார்கள், ஒரு பிள்ளை இல்லை. ஆலோசகர் பெண் புதன்கிழமை மட்டும் இரண்டு மணி நேரம் வருவாள், மற்ற நாளில் பிள்ளைகளுக்கு மனசு கனக்கக் கூடாது போலிருக்கிறது. சாவி தலைமையாசிரியரின் டிராயரில். யாராவது தும்மினால்கூடச் சுற்றறிக்கை விடுவார் என்பதால் அவருக்கு எங்கள் ஆபீஸில் சர்க்குலர் என்றே பெயர். இரண்டே மாதத்தில் கால் உடைந்த பெஞ்சுகளையெல்லாம் அந்த அறைக்குள் அடுக்கிவிட்டார், சும்மாத்தானே கிடக்கு என்று. அந்த அறைக்குள் ஒரு பிள்ளை போக வேண்டுமென்றால் படிவம் எழுத வேண்டும், அதில் காரணம் என்று ஒரு கட்டம், வகுப்பாசிரியர் கையெழுத்து, அதற்கு மேல் சர்க்குலர் கையெழுத்து.

குட்டி எழுதியிருக்கிறாள். தூக்கம் வரவில்லை, வகுப்பில் உட்கார்ந்தால் மூச்சு முட்டுகிறது, காரணமே இல்லாமல் அழுகை வருகிறது என்று. அவள் வகுப்பாசிரியர், கணக்கு வாத்தியார், அதை வாங்கி முழு வகுப்புக்கும் கேட்கும்படி படித்துவிட்டு, காரணம் என்னன்னு கேட்டா காரணமே இல்லைன்னு எழுதியிருக்கா பாருங்க, ஒரு கர்சீப் வாங்கிக்கோம்மா என்றாராம். வகுப்பே சிரித்திருக்கிறது. அப்புறம் அது சர்க்குலர் மேஜையில் கிடந்து கையெழுத்தானது வியாழக்கிழமை. அடுத்த புதன் வரட்டும் என்றாராம். அடுத்த புதனுக்குள் அவளுக்குக் கர்சீப் என்று பட்டப்பெயர் வைத்தாகிவிட்டது. இத்தனையும் நோட்டுப் புத்தகம் கொடுக்க வந்த அவள் தோழி சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஒரே கட்டடத்தில் வேலை பார்க்கிறேன், எனக்குத் தெரியாது. வயிறு எரிகிறதடா.

மறுநாள் நேராகச் சர்க்குலர் அறைக்குள் போனேன். பதினெட்டு வருஷத்தில் அவர் முன்னால் முதல்முறையாகச் சத்தம் போட்டேன். பிள்ளை உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு எழுதியதை ஊருக்குப் படித்துக் காட்டத்தான் அறை திறந்தீர்களா என்று கேட்டேன். அவர் பதறவே இல்லை. டிராயரிலிருந்து அந்தப் படிவத்தை எடுத்து மேஜைமேல் வைத்து, மூலையில் விரலை வைத்தார். ஆபீஸில் எது டைப் அடித்தாலும் அடித்தவர் தன் பெயரின் இரண்டெழுத்தைக் கீழ் மூலையில் போட வேண்டும், அது அவர் விட்ட சுற்றறிக்கைதான். அங்கே என் இரண்டெழுத்து. நீங்க அடிச்சுக் கொடுத்தது தானேம்மா, காரணம்னு கட்டம் போட்டது யாரு என்றார்.

நான்தான். அந்தப் படிவம் அடித்த அன்றைக்குத் தேர்வு அனுமதிச் சீட்டு வேலை தலைக்கு மேல் இருந்தது. ஃபேன் ஓடாவிட்டால், பெஞ்ச் உடைந்தால் எழுதிக் கொடுக்கிற பழுதுப் படிவத்தைத் திறந்தேன். பொருளின் பெயர் என்பதை மாணவர் பெயர் என்று மாற்றினேன், பழுதுக்கான காரணம் என்பதில் பழுதை மட்டும் எடுத்தேன். ஐந்து நிமிஷ வேலை. எழுதப்போகிற பிள்ளையை ஒரு நிமிஷம் நினைக்கவில்லை. அவர்கள் படித்தவர்கள், அவர்களுக்குப் புத்தி எங்கே போயிற்று என்று கத்தினேனே, எனக்கு எங்கே போயிற்று?

சாயங்காலம் குட்டி பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். இத்தனை நாளில் முதல்முறையாகச் சுவரை விட்டுத் திரும்பினாள். தெரியும்மா, மூலையில உன் எழுத்து இருந்துச்சு, அம்மா அடிச்ச ஃபாரம்தானே, ஒண்ணும் ஆகாதுன்னு நம்பித்தான் எல்லாத்தையும் எழுதினேன் என்றாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

புதன்கிழமை காவல்காரரைக் கூப்பிட்டு அந்தப் பெஞ்சுகளை இழுத்துச் சர்க்குலர் அறை வாசலில் போட்டேன். கதவில் படிவம் தேவையில்லை என்று எழுதி ஒட்டினேன், மூலையில் என் இரண்டெழுத்தையும் போட்டேன். ஆலோசகர் பெண்ணிடம் தயங்கிக்கொண்டே சொன்னதற்கு, எனக்கு எந்தக் காரணமும் வேணாம்கா, கதவு திறந்திருந்தா போதும் என்றாள். அன்றைக்கு ஐந்து பிள்ளைகள் தாங்களாகவே வந்தார்கள். ஒரு பையன் பேசவே இல்லையாம், சோபாவில் உட்கார்ந்துவிட்டுப் போனானாம். சாயங்காலமே எனக்கு மெமோ வந்துவிட்டது, மூன்று நாளில் பதில் சொல்ல வேண்டுமாம். சொல்கிறேன், சும்மா விடமாட்டேன். கணக்கு வாத்தியார் அதே வகுப்பில் நின்று என் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்கிறவரை விடமாட்டேன். வேலை போனால் போகட்டும் என்று அப்பாவே சொல்லிவிட்டார். மீதிப் படிவங்களை மொத்தமாக என் பைக்குள் அள்ளி வைத்துக்கொண்டேன். இந்தத் தாளைத் திருப்பிப் பார், தெரியும்.

இதை எழுதும்போது உன் நினைவுதான். பன்னிரண்டாவது படிக்கும்போது வாரம் ஒரு நாள் வயிற்று வலி என்பாய். நானும் மடமடவென்று விடுப்புக் கடிதம் எழுதிக் கொடுப்பேன். வயிறுதானா என்று ஒரு நாள் உன் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கவில்லை. இப்போது கேட்டு என்ன ஆகப்போகிறது என்று நினைக்காதே. எப்போது சொல்லத் தோன்றினாலும் அம்மாவிடம் சொல்.

வருகிற புதன் வருகிறேன் என்று குட்டி சொல்லியிருக்கிறாள். நீ கூட வராதே, பத்தடி பின்னால வா என்று உத்தரவு. பத்தடி என்ன, தெருக்கோடியில் வரச் சொன்னாலும் வருவேன். நேரத்துக்குத் தூங்கு, வெளியே சாப்பிடுவதைக் குறை. ஒரு குறையும் இல்லாமல் நீ நீண்ட நாள் இருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மறக்காமல் போன் பண்ணு, அவளிடம் கொடுக்கிறேன். என்ன ஆச்சு, ஏன் இப்படி என்று மட்டும் ஆரம்பிக்காதே. அவள் பேசினால் கேள், பேசாவிட்டாலும் போனை வைத்துவிடாதே.

இப்படிக்கு,
உன் அம்மா