வரலாற்று வகுப்பின் பதினோராவது விதி

ஜூன் 21

டீச்சருக்கு,

ஆமா, நான்தான். "இந்தப் பதினோராவது விதியைச் சேர்த்தது யார்?"னு எங்க ஜெராக்ஸ் கடைக்குச் சீட்டு அனுப்பியிருந்தீங்களே, முதலாளி பாக்கறதுக்கு முன்னாடி என் கையில சிக்கிடுச்சு. அவரு பாவம், அவருக்கு ஒண்ணும் தெரியாது. டைப் அடிச்சது, சேர்த்தது, நூத்திப் பன்னெண்டு பிரதி எடுத்தது, எல்லாம் நான். மேல 'அன்புள்ள'ன்னு போடலாமான்னு யோசிச்சேன். வரல. விட்டுட்டேன்.

என்னைத் தெரியுதா? ரெண்டு வருஷம் முன்னாடி பத்தாம் வகுப்பு, ஜன்னலோரக் கடைசி பெஞ்ச். நீங்க வெச்ச பேருதான், பம்பரம். ஒரு இடத்துல நிக்க மாட்டேனாம். இப்ப வந்து பாருங்க, ஜெராக்ஸ் மெஷின் முன்னாடி நாளைக்குப் பத்து மணி நேரம் நிக்கறேன்.

'வரலாற்று வகுப்பு: எதிர்பார்ப்புகளும் விதிகளும்'. ஒன்பது வருஷமா ஒரே தாள். ஜெராக்ஸுக்கு ஜெராக்ஸ் எடுத்து எழுத்தெல்லாம் கரி பூசின மாதிரி ஆயிடுச்சு. அதான் இந்த வருஷம் புதுசா அடிக்கச் சொன்னீங்க. பத்து விதி அடிச்சேன். கீழ இடம் இருந்துச்சு.

"11. பூஜ்யம் பெற்ற மாணவர், எதனால் என்று வகுப்பின் முன் கேட்கலாம். ஆசிரியர் ஆதாரம் காட்ட வேண்டும். காட்ட முடியாவிட்டால் வகுப்பின் முன்னேயே மன்னிப்புக் கேட்க வேண்டும்."

எப்படி இருக்கு? உங்க நடை மாதிரியே இல்ல?

ஒளிச்சு மறைச்சு செய்யல. சரிபார்க்க ஒரு பிரதி உங்களுக்கு வந்துச்சு. 'சரி'ன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பினீங்க. அப்புறம் பிள்ளைங்க போட்டாங்க, அவங்க அப்பா அம்மா போட்டாங்க, நீங்களும் ஒவ்வொரு தாள்லயும் போட்டீங்க. படிக்காம கையெழுத்துப் போட்டா "இப்படித்தான்டா ராஜ்யமே போச்சு"ன்னு எங்களைத் திட்டுவீங்களே. போச்சா?

பம்பரம்

ஜூன் 23

பம்பரத்துக்கு,

நலம் விசாரிக்கும் நிலையில் நான் இல்லை. நீ செய்திருப்பது மோசடி. அதைக் கெட்டிக்காரத்தனம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய்.

சென்ற வாரம் ஒரு மாணவி எழுந்தாள். வரைபடத் தேர்வில் பக்கத்துப் பெண்ணைப் பார்த்து எழுதினாள் என்று நான் பூஜ்யம் போட்டவள். தாளை நீட்டி, "டீச்சர், பதினொண்ணு" என்றாள். எனக்கு விளங்கவில்லை. "நீங்களே கையெழுத்துப் போட்டிருக்கீங்களே" என்றாள். வகுப்பு மொத்தமும் பக்கத்தைப் புரட்டும் சத்தம். அவள் பார்த்து எழுதியதை நான் என் கண்ணால் பார்க்கவில்லை. பார்த்திருப்பாள் என்று நினைத்தேன். இருபத்திரண்டு வருட வேலையில் முதல் தடவையாக மாணவர்கள் முன்னால் மன்னிப்புக் கேட்டேன்.

சனிக்கிழமை பெற்றோர் கூட்டம். தலைமை ஆசிரியர் என்னிடம் விளக்கம் கேட்டிருக்கிறார். அதற்குள் வந்து நீயே ஒப்புக்கொள். இல்லாவிட்டால் உன் முதலாளியிடம் நான் பேச வேண்டியிருக்கும்.

அன்று நான் பூஜ்யம் போட்ட உன் கட்டுரைக்காகத்தான் இவ்வளவும் என்று புரிகிறது. அது இப்போது என்னிடம் இல்லை. பழைய தாள்களை எடைக்குப் போட்டாயிற்று. தாள் இல்லாமல் எதையும் மறுபடி தீர்மானிக்க முடியாது.

உன் வரலாற்று ஆசிரியை

ஜூன் 24

டீச்சருக்கு,

எடைக்கா? பதினாலு பக்கம் டீச்சர்! எவ்வளவு தேறுச்சு, கால் கிலோ இருக்குமா?

'உங்கள் தெருவில் நடந்த ஒன்றை எழுதுக'ன்னு நீங்கதான் சொன்னீங்க. எங்க தெரு ஐஸ் பேக்டரியில வாயு கசிஞ்சு மூடின நாளை எழுதினேன். ஆறு பேரைத் தேடிப் போய்க் கேட்டேன். மூணு வாரம் பந்து விளையாடப் போகல. என் கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும்னு நாலு தடவை திருப்பி எழுதினேன்.

நீங்க என்ன கேட்டீங்க? "பத்து நிமிஷம் ஒழுங்கா உக்கார மாட்டே. பதினாலு பக்கம் நீ எழுதினியா?" எல்லாரும் சிரிச்சாங்க. நீங்களும் சிரிச்சீங்க. ஆறாவது விதி, அடுத்தவர் எழுதியதைத் தன்னுடையது என்றால் பூஜ்யம், பேச்சுக்கே இடமில்லை. யார் எழுதினதைன்னு கேட்டேன். அதுக்கும் பேச்சுக்கே இடமில்லை. ஆதாரம் இல்லாமல் ஒரு வரியும் எழுதாதேங்கறது உங்க மூணாவது விதி. அன்னிக்கு உங்க கையில இருந்த ஒரே ஆதாரம் என் பட்டப்பேரு.

மறுநாள் எங்கப்பாவைக் கூப்பிட்டு அனுப்பினாங்க. பஸ் ஓட்டிட்டு, யூனிபார்மோட அப்படியே வந்தாரு. தலைமை ஆசிரியர் வாயைத் திறக்கறதுக்குள்ள, "பையன் தப்பு பண்ணிட்டான், மன்னிச்சிருங்க சார்"னாரு. என்னை ஒரு வார்த்தை கேக்கல. அன்னிக்குப் பையைத் தூக்கிட்டு வெளிய வந்தவன்தான் நான். அவரோட இன்னும் சரியாப் பேசறதில்ல.

தாள் போனா என்ன? அந்த ஆறு பேரும் உசுரோடதான் இருக்காங்க. போய்க் கேளுங்க.

நான் வரமாட்டேன். சனிக்கிழமை நீங்க மைக் பிடிச்சுச் சொல்லுங்க, "ஆதாரம் இல்லாம ஒருத்தனுக்குப் பூஜ்யம் போட்டேன்"னு. அவ்வளவுதான் எனக்கு வேணும். முதலாளிகிட்ட சொல்றதா இருந்தா தாராளமா சொல்லுங்க. மத்தியானம் தூங்குவாரு, நாலு மணிக்கு மேல போன் பண்ணுங்க.

பம்பரம்

ஜூன் 29

அன்புள்ள பம்பரத்துக்கு,

வெள்ளிக்கிழமை உங்கள் தெருவுக்குப் போனேன். ஐஸ் பேக்டரியில் காவலாளியாக இருந்தவர் இப்போது சைக்கிள் கடை வைத்திருக்கிறார். விசாரித்ததும், "அந்தப் பையனா? மூணு நாள் உசுரை வாங்கிட்டான்மா. சைரன் எத்தனை மணிக்கு அடிச்சுதுன்னு நாலு தடவை கேட்டான்" என்றார். அதன் பிறகு நான் வேறு யாரையும் பார்க்கவில்லை. பார்க்கத் தேவையில்லை. நீதான் எழுதினாய்.

கூட்டத்தில் அதைச் சொல்ல வேண்டும் என்றுதான் போனேன். ஆனால் நான் எழுவதற்கு முன் அந்த மாணவியின் அம்மா எழுந்து, "பதினோராவது விதியை எழுதினது யாருங்க?" என்று கேட்டுவிட்டார். தலைமை ஆசிரியர் என்னைப் பார்த்தார். உண்மையைச் சொன்னால் மறுநாளே உனக்கு வேலை இருக்காது, போலீஸ் வரைக்கும்கூடப் போகலாம். "நான்தான்" என்றேன். திட்டுவார்கள் என்று நினைத்தேன். கைதட்டினார்கள். அதன் பிறகு மற்றதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

எல்லா வகுப்புக்கும் இந்த விதியைப் போடச் சொல்லியிருக்கிறார் தலைமை ஆசிரியர். அறுநூற்று நாற்பது பிரதிகள். இந்தக் கடிதத்தோடு பிரதி எடுக்க வேண்டிய தாளும் வருகிறது.

பழைய பதிவேட்டில் உன் மதிப்பெண்ணை இனித் திருத்த முடியாது. என் மனதில் திருத்திவிட்டேன். இதோடு விட்டுவிடுவோம். உடம்பைப் பார்த்துக்கொள். வேளைக்குச் சாப்பிடு.

உன் நலம் நாடும்,
ஆசிரியை

ஜூன் 30

பதினோராவது விதியை எழுதிய டீச்சருக்கு,

கைதட்டினாங்களா? ரொம்ப நேரமா? எழுந்து நின்னா, உக்காந்துக்கிட்டா? சும்மா தெரிஞ்சுக்கலாம்னு கேக்கறேன். எனக்கு வந்ததாச்சே.

என்னைக் காப்பாத்தினீங்களாம். யாரு கேட்டா? வேலை என்னுது, போனா எனக்குத்தான் போகுது. மன்னிப்பு கேக்க வாய் வரல, "நான்தான்"னு சொல்ல மட்டும் வந்துச்சா? மனசுல மார்க் திருத்திட்டீங்களாம். சரி, நானும் மனசுல பத்தாவது பாஸ் பண்ணிட்டேன். எந்த ஆபீஸ்ல காட்டலாம், சொல்லுங்க.

நேத்து உங்க கடிதத்தை எங்கப்பா முன்னாடி வெச்சேன். சைரன் வரியை ரெண்டு தரம் படிச்சாரு. கண்ணாடியைக் கழட்டித் துடைச்சாரு. "அப்ப நான் மன்னிப்பு கேட்டது எதுக்குடா?"ன்னாரு. உங்களுக்குத் தெரியுமா?

அடுத்தவர் எழுதினதைத் தன்னோடதுன்னு சொன்னா என்ன டீச்சர்? பூஜ்யம். நூத்துக்குப் பூஜ்யம், பேச்சுக்கே இடமில்லை. நான் உங்களை மாதிரி இல்ல, ஆதாரம் வெச்சுக்கிட்டுத்தான் போடறேன். உங்க கைப்பட எழுதின கடிதம், தேதியோட.

அறுநூத்தி நாப்பது தாள்லயும் கீழ சின்ன எழுத்துல ஒரு அடிக்குறிப்பு சேர்த்திருக்கேன்.

"விதி 11ஐ எழுதியவர்: இப்பள்ளியின் முன்னாள் பத்தாம் வகுப்பு மாணவர், வரிசை எண் 27. தானே எழுதிய கட்டுரைக்குக் காப்பி என்று பூஜ்யம் பெற்றவர். ஆதாரம்: வரலாற்று ஆசிரியையின் கடிதம், ஜூன் 29."

கடிதத்துக்கும் ஒரு ஜெராக்ஸ் எடுத்து முதல் கட்டுக்கு மேல வெச்சிருக்கேன். அந்தக் கட்டு நாளைக்குக் காலையில தலைமை ஆசிரியர் மேசைக்கு நேராப் போயிடும். உங்க கைக்கு இது வர்றதுக்குள்ள அவரு படிச்சிருப்பாரு. முதலாளி எழுந்ததும் என்னைத் துரத்துவாரு. துரத்தட்டும். அப்பா வாசல்ல பஸ்ஸை நிறுத்திட்டு உள்ள வந்து ஒவ்வொரு கட்டா நூல் போட்டுக் கட்டிக்கிட்டிருக்காரு, பயணிங்க ஜன்னல் வழியாக் கத்தறாங்க, அவரு திரும்பிக்கூடப் பாக்கல. இன்னும் நூத்தி எம்பது பாக்கி. மெஷின்ல பேப்பர் தீந்துடுச்சு, கூவுது. போறேன்.